பெட்டிக்குள் எது, வெளியில் எது?

 

இது கணினிப் பாடம் பற்றிய பதிவு. ஆனால் கணினி படிக்காதவர்களும் வாசிக்கலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணினி அறையில் இரண்டு வரிசை. ஒரு வரிசை பழையது, இன்னும் விண்டோஸ் 7. பைதன் மொழியின் 3.9 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7 இல் ஓடாது என்பதால் அவற்றில் 3.8 போட்டிருக்கிறோம். மற்ற வரிசை பிறகு வந்தது, அவற்றில் 3.13. உயர்தரப் பிள்ளை ஒருத்தி வீட்டில் போனில் தேடிக் கிடைத்த பழைய பாடக்குறிப்பு ஒன்றைப் பார்த்து, இணையப் படிவத்தில் நிரப்பியதை வாங்கிப் படிக்கும் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். பழைய கணினியில் ஓடியது. அதே பென் டிரைவைப் புதிய கணினியில் செருகினால் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ‘சிஜிஐ’ என்று ஒரு மொடியூல் இல்லையாம்.

“டீச்சர், புதுக் கம்பியூட்டர்தான் பழுது போல” என்றாள்.

ஒரு பாடவேளை முழுக்க எழுத்துப் பிழை தேடினோம். ஒரு பிழையும் இல்லை. கணினியும் பழுதில்லை. 2024 ஒக்டோபரில் வந்த 3.13 பதிப்பிலிருந்து அந்த மொடியூலையும் சேர்த்து 19 மொடியூல்களை மொழியை நடத்துபவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னறிவித்தலும் கொடுத்திருந்தார்கள். 2022 இல் வந்த 3.11 பதிப்பிலேயே “இவை போகப் போகின்றன” என்று எச்சரிக்கை வரத் தொடங்கியிருந்தது. 3.8 இலிருந்து நேரே 3.13 க்குத் தாவிய நாங்கள் இடையில் வந்த குறிப்புகளை வாசிக்கவில்லை. அந்தப் பாடவேளை வீணானது எங்கள் கவனக்குறைவால்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டே மற்றதைச் சொல்கிறோம்.

ஒரு மொழியை நிறுவும்போது அதோடு சேர்ந்து வரும் ஆயத்தக் கூறுகளின் தொகுதியைத்தான் நியம நூலகம் என்கிறோம். பிள்ளைகளுக்கு நாங்கள் கொம்பாஸ் பெட்டியைக் காட்டித்தான் விளங்கப்படுத்துவோம். கடையில் பெட்டியை வாங்கினால் கவராயம், பாகைமானி, மூலைமட்டங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். கல்குலேட்டர் இருக்காது, அது தனியாக வாங்க வேண்டியது. யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து, இது உள்ளே, இது வெளியே என்று தீர்மானித்திருக்கிறார். கணினி மொழிக்கும் அப்படித்தான். உள்ளே இருப்பதை ஒரே வரியில் அழைத்துப் பாவிக்கலாம். வெளியே இருப்பதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்.

இந்தத் தீர்மானத்தை எப்படி எடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கதை.

பைதன் 1991 இல் கீடோ வான் ரொஸ்ஸம் என்ற நெதர்லாந்துக்காரர் வெளியிட்ட மொழி. எங்கள் நாட்டில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பிள்ளைகள் படிப்பதும் இதைத்தான். அதன் பெருமைகளில் ஒன்று, “பற்றரியும் சேர்த்தே தருகிறோம்” என்ற கொள்கை. விளையாட்டுக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பற்றரிக்குப் பிள்ளையைக் கடைக்கு அலையவிடக் கூடாது, பெட்டியைத் திறந்ததும் கார் ஓட வேண்டும் என்பது அதன் கருத்து. விண்டோஸுக்கான பைதன் நிறுவி ஏறக்குறைய 30 எம்பிதான். அதற்குள் எழுதுவதற்கு ஐடில், படம் வரைய டர்ட்டில், எழுந்தமான எண்களுக்கு ரான்டம், அட்டவணைக் கோப்புகளுக்கு சிஎஸ்வி, தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரு பென் டிரைவின் ஒரு மூலையில் ஒரு முழுப் பட்டறையையே கொண்டு போகலாம். தீவுக்குள் இருக்கும் பாடசாலைக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பது இங்கே படிப்பிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் பற்றரி கிடந்தால் பழுதாகும். 2019 இல் பைதனை உருவாக்குபவர்களின் கூட்டத்தில் அம்பர் பிரவுன் என்பவர், பற்றரி சேர்ந்து வருகிறதுதான், ஆனால் அது ஒழுகுகிறது என்ற கருத்தில் பேசினார். அதே மாதம் கிறிஸ்டியன் ஹைம்ஸ் என்பவர் செத்த பற்றரிகளை எடுத்துவிடலாம் என்று எழுத்தில் முன்மொழிந்தார். அதுதான் பெப் 594. கீடோ 2018 இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு ஒன்றுதான் இவற்றைத் தீர்மானிக்கிறது. 2022 இல் அந்தக் குழு முன்மொழிவை ஏற்றுக்கொண்டது.

எடுத்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு நாங்களும் கையுயர்த்தியிருப்போம். டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும் பழைய முறை. சன் நிறுவனத்தின் பழைய கணினிகளில் இருந்த ஒலிக்கோப்பு வகைக்கென்று ஒரு மொடியூல். செய்திக்குழுக்கள் இருந்த காலத்துக்கு ஒன்று. சிஜிஐயும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு செயன்முறையைத் தொடக்கும் 1990களின் வழி. இவற்றில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளே இருக்கவில்லை. ஒரு மொடியூலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் யாராவது அதைக் காலத்துக்கும் காவல் காக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க வேண்டும். அதைச் செய்கிறவர்களில் பலர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் மற்றவன் பிள்ளைக்கு வேலை செய்கிறவரை நாங்கள் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கள் கவலை எங்கே?

எடுத்ததற்கு அவர்கள் ஒரு பரிகாரமும் சொல்லியிருக்கிறார்கள். சிஜிஐ வேண்டுமென்றால் ‘லெகசி-சிஜிஐ’ என்ற பெயரில் வெளியே இருக்கிறது, ‘பிப்’ மூலம் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். 2014 இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பிப்பும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. அதாவது, கடைக்குப் போகும் பாதையையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் அன்றிலிருந்து ஒரு நியாயம் மெதுவாக மாறிவிட்டது. எதைப் பற்றிக் கேட்டாலும், “அதுதான் பிப்பில் இருக்கிறதே” என்ற பதில் கையில் ஆயத்தமாக இருக்கிறது.

பாதை இருந்தால் எல்லோரும் போய்ச் சேர்வார்களா? எங்கள் கணினி அறையில் இணையம் என்பது பெரும்பாலும் ஒரு டீச்சரின் போன்தான். சொந்த டேட்டாவில் ஹொட்ஸ்பொட் போட்டு, ஒரு கணினியில் இறக்கி, மற்றவற்றுக்குக் கை மாற்ற வேண்டும். ரீலோட் முடிந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

பேசாலையிலோ தலைமன்னாரிலோ படகு இறக்கும் ஒருவரிடம், மேலதிகமாக ஒரு பிளக்கை ஏன் கொண்டு போகிறீர்கள், கடையில்தான் விற்கிறார்களே என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். கரையில் நிற்கிறவனுக்கு அது தேவையில்லாத பாரம். நடுக்கடலில் எஞ்சின் நின்றவனுக்கு அதுதான் வீடு திரும்பும் வழி. அதே மனிதர் வேறொன்றையும் சொல்வார். கண்டதையெல்லாம் ஏற்றினால் படகும் ஓடாது, மீனுக்கும் இடமிருக்காது. துருப்பிடித்த பிளக்கைக் காவிக்கொண்டு திரிவதிலும் பயனில்லை. இரண்டும் சரி. எதை ஏற்றுவது என்பதைக் கடலைத் தெரிந்தவர் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலை நினைத்து எடுத்த நல்ல தீர்மானங்களும் உண்டு. மூன்றைச் சொல்கிறோம்.

ஒன்று, தரவுத்தளம். உயர்தரப் பாடத்தில் செய்நிரலுக்குள்ளிருந்து தரவுத்தளத்தோடு கதைக்கும் ஒரு பகுதி வருகிறது. மைஎஸ்கியூஎல் என்றால் அதைத் தனியாக நிறுவ வேண்டும், பைதனோடு இணைக்கும் கூறையும் தனியாக இறக்க வேண்டும். ஒரு நாள் அதைச் செய்துகாட்ட வகுப்பில் எல்லோரும் ஆயத்தம், இணையம் மட்டும் இல்லை. எஸ்கியூலைட்டைத் திறந்தோம். அது 2006 இல் 2.5 பதிப்போடு பெட்டிக்குள் வந்தது. அட்டவணை உருவாக்கி, தரவைச் சேர்த்து, தேடி, அழித்து எல்லாவற்றையும் அன்றே காட்டினோம். பிள்ளைகளின் பாடம் நிற்கவில்லை.

இரண்டு, புள்ளிவிபரம். சராசரி, இடையம், நியமவிலகல் கணிக்கும் ‘ஸ்டட்டிஸ்டிக்ஸ்’ மொடியூல் 2014 இல் உள்ளே வந்தது. நம்பை போன்ற பெரிய நூலகங்கள் வெளியே இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி அப்போதும் இருந்தது. அதை முன்மொழிந்தவர் சொன்ன நியாயங்களில் ஒன்று எங்களுக்குப் பிடித்தது. பெரியதை நிறுவுவது புதியவர்களுக்குக் கடினம், சிலருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ அனுமதியே இல்லை. ஆகவே ஒரு விஞ்ஞானக் கல்குலேட்டரின் அளவுக்காவது பெட்டிக்குள் இருக்கட்டும் என்றார்.

மூன்று, வேவ் என்ற ஒலி மொடியூல். பெப் 594 இல் ஒலி சம்பந்தப்பட்ட பலதும் வெளியே போயின. வேவை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் கோப்பு வகை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். பிள்ளைகளுக்குக் கணினியால் சத்தம் எழுப்பிக் காட்டிப் படிப்பிக்க இது பாவிக்கப்படுகிறது என்பதையும் அந்த ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை வாசித்தபோது எங்களுக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒரு மொழியின் கணக்கெடுப்பில், எங்கோ ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுப்பும் சத்தமும் எண்ணப்பட்டிருக்கிறது.

ஆனால் எப்போதும் அப்படி எண்ணப்படுவதில்லை. ஒரு மொடியூல் தேவையா இல்லையா என்று பார்க்கும்போது, பொதுவில் வெளியிடப்பட்டிருக்கும் நிரல்களில் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்ப்பது ஒரு வழக்கம். நியாயமான வழிதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் எழுதும் செய்நிரல் பென் டிரைவில் இருக்கும், கொப்பியில் இருக்கும், பரீட்சை முடிந்ததும் அழிந்துவிடும். அது எந்தத் தேடலிலும் அகப்படாது. கருத்துச் சொல்ல எல்லோருக்கும் இடம் உண்டு, உண்மை. ஆனால் அங்கே பேச ஆங்கிலம் வேண்டும், இணையம் வேண்டும், நேரம் வேண்டும். இம்மூன்றும் உள்ளவர்கள் பெரும்பாலும் கரையில் இருப்பவர்கள்.

இனி எங்கள் மனதை உண்மையில் வருத்திய விடயத்துக்கு வருவோம்.

முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் செய்நிரல், தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று. சொல்லைத் திருப்பு, முதலில் இருந்ததோடு ஒப்பிடு, சமனென்றால் ஆம் என்று சொல். பிள்ளைகள் ‘மேடம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தார்கள், ஆம் என்றது. பிறகு ஒரு பையன் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ‘விகடகவி’யைக் கொடுத்தான். இல்லை என்றது.

கணினிக்குள் ‘வி’ என்பது ஓர் எழுத்தாக இல்லை. ‘வ’ ஒரு குறியீடு, இகர விசிறி தனியாக இன்னொரு குறியீடு. திருப்பும்போது விசிறி வகரத்துக்கு முன்னால் போய்விடுகிறது, சொல் உடைகிறது. ‘மன்னார்’ என்று கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டால் 7 என்கிறது. எங்கள் ஊரின் பெயரில் 4 எழுத்துத்தான் என்பது தரம் ஒன்றுப் பிள்ளைக்கும் தெரியும்.

அகர வரிசைப்படுத்தலும் அப்படித்தான். குமிழி வரிசைப்படுத்தலுக்கு வகுப்புப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தோம். ‘ஃபாத்திமா’ என்று ஆய்தம் போட்டு எழுதும் பிள்ளை ‘அஸ்மா’வுக்கும் முன்னால் போய் நின்றாள். யுனிகோட் குறியீட்டு வரிசையில் ஆய்தம் அகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ‘பாத்திமா’ என்று எழுதும் பிள்ளையோ நடுவில் எங்கோ இருந்தாள். பெயர் ஒன்று, பட்டியலில் இடம் இரண்டு. அகராதியில் ‘அக்கா’வுக்குப் பிறகுதான் ‘அகம்’ வரும், இங்கே அகம் முந்திவிடுகிறது.

விகடகவியைக் கொடுத்த பையன் என்ன சொன்னான் தெரியுமா? “டீச்சர், தமிழ்ல இது சரிவராது போல.” செய்நிரலில் பிழை என்று அவன் சொல்லவில்லை. தமிழில் பிழை என்றான். பதினேழு வயதுப் பிள்ளை இயந்திரத்தை நம்பித் தன் மொழியைச் சந்தேகித்த அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறோம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முத்தையா அண்ணாமலை என்பவர் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக்கூடிய ‘எழில்’ என்ற மொழியைப் பைதனில் உருவாக்கினார். அதில் அச்சிடுவதற்கான கட்டளை ‘பதிப்பி’. அந்த முயற்சியோடு சேர்ந்து வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நூலகம் மன்னாரை நான்காகவே பிரித்துத் தரும். அது இலவசம், அருமையான வேலை. ஆனால் அது பிப்பில் இருக்கிறது. பெட்டிக்குள் இல்லை.

அன்று எங்களிடம் இணையமும் இருக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த ‘யுனிகோட்டேட்டா’ என்ற மொடியூலைத் திறந்தோம். ஒரு குறியீடு தனி எழுத்தா, இன்னொன்றோடு ஒட்டும் விசிறியோ புள்ளியோ என்று அது சொல்லும். ஒட்டும் குறி வந்தால் முந்தியதோடு சேர், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கு. எட்டு வரிதான். பிள்ளைகளே எழுதினார்கள். விகடகவிக்கு ஆம் என்று வந்தபோது வகுப்பில் கைதட்டல்.

“எட்டு வரிதானே, நீங்களே எழுதிவிட்டீர்கள், பிறகு ஏன் பெட்டிக்குள் கேட்கிறீர்கள்?” என்று யாராவது கேட்கலாம். 2016 இல் நடந்த ஒரு கதை இதற்குப் பதில். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பெட்டி அப்போது மிகவும் ஒல்லி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதற்குக்கூட உள்ளே வழி இல்லை. ‘லெஃப்ட்-பேட்’ என்று 11 வரியில் ஒருவர் எழுதி வெளியே வைத்திருந்ததை உலகமே பாவித்துக்கொண்டிருந்தது. ஒரு பிரச்சினையில் அவர் தன் நிரல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கெங்கோ இருந்த பெரிய பெரிய நிறுவனங்களின் வேலைகள் நின்றுபோயின. இன்று அந்த வேலையைச் செய்யும் கட்டளை 2017 ஆம் ஆண்டின் நியமத்திலிருந்து மொழிக்குள்ளேயே இருக்கிறது. வரி குறைவு என்பதால் ஒன்று அற்பமாகிவிடாது. ஒவ்வொரு பாடசாலையும் தன் எட்டு வரியைத் தனித்தனியே எழுதினால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிழைக்கும்.

மற்ற மொழிகள் இதைச் செய்திருக்கின்றன. அப்பிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் மன்னாருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால், எதையும் இறக்காமலே 4 என்று வரும். இன்றைய இணைய உலாவிகளில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுத்துகளைப் பிரிக்கும் கருவி உள்ளேயே வந்துவிட்டது. நாங்கள் படிப்பிக்கும் பைதனில் 3.13 வரைக்கும் அதற்கென்று நேரடியான வழி இல்லை. யுனிகோட் அட்டவணை அடிக்கடி மாறும் என்ற காரணத்தையும் இங்கே சொல்ல முடியாது. அந்த அட்டவணையைத்தான் புதிய பதிப்புகளில் புதுப்பித்து யுனிகோட்டேட்டாவில் ஏற்கெனவே தருகிறார்களே. அரிசி மூட்டை வீட்டில் இருக்கிறது, படியைத்தான் கேட்கிறோம்.

அதற்காக எல்லாவற்றையும் உள்ளே போடு என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியே இருக்க வேண்டியவை வெளியேதான் இருக்க வேண்டும்.

நேரவலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு “பழைய நேரமா, புதிய நேரமா” என்ற கேள்வி ஞாபகம் இருக்கும். 1996 மே மாதம் இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள், 2006 ஏப்ரலில் மீதி அரை மணித்தியாலத்தையும் எடுத்துப் பழைய இடத்துக்கே வந்தோம். இப்படி அரசாங்கங்கள் நினைத்தபோது மாற்றும் தரவை வருடத்துக்கு ஒரு முறை வெளியாகும் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பிழையாகிவிடும். ஆகவே 2020 இல் நேரவலய மொடியூலை உள்ளே சேர்த்தபோது, கணிக்கும் கருவியை உள்ளே வைத்து, விண்டோஸுக்குத் தேவையான தரவை வெளியே விட்டார்கள். எங்கள் வகுப்பில் ‘ஏசியா/கொழும்பு’ என்று கொடுத்தால் அது வேலை செய்யாமல் நிற்பது எங்களுக்குச் சிரமம்தான். ஆனால் காரணம் நியாயமானது.

இணையத்தோடு பேசும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தையும் உலகமே பாவிக்கிறது. 2015 இல் அதை உள்ளே எடுப்பதா என்று பேசி, வேண்டாமென்று விட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வர வேண்டும், பெட்டிக்குள் போனால் அந்த வேகம் போய்விடும் என்பது காரணம். அதுவும் சரி. இணையத்தோடு பேச விரும்புகிறவனிடம் எப்படியும் இணையம் இருக்கும், அவனால் இறக்கிக்கொள்ள முடியும். ஓப்பன்-தமிழில் இருக்கும் எல்லாமும் உள்ளே வரத் தேவையில்லை. பாமினி எழுத்துருவில் இருப்பதை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவி எங்களுக்குத் தினமும் தேவை, பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில்தானே கிடக்கின்றன. ஆனால் அது எங்கள் ஊர்த் தேவை, என்றோ ஒரு நாள் முடிந்துபோகும் தேவை. அது வெளியே இருக்கட்டும்.

ஆகவே எங்கள் அளவுகோல் இதுதான். ஒரு மொடியூலை உள்ளே வைப்பதா என்று பார்க்கும்போது எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இல்லாதபோது யார் நின்றுபோகிறார்கள், அவர்களால் கடைக்குப் போக முடியுமா என்றும் கேளுங்கள். தொடக்கப் பாடத்திலேயே தேவைப்படுகிறது, அடிக்கடி மாறாது, வெளியே தேடிப் போக முடியாதவனுக்குத்தான் அதிகம் தேவை என்ற மூன்றும் பொருந்தினால் அது உள்ளே இருக்க வேண்டும். எழுத்தை எண்ணுவது இம்மூன்றுக்கும் பொருந்துகிறது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்பது சிறப்புத் தேவை அல்ல. ஆங்கிலத்துக்கு அது முதல் நாளே உள்ளே இருந்தது.

எந்த மொழி எதைச் செய்தாலும் எங்கள் கையில் இருப்பதை நாங்கள் செய்ய வேண்டும். மூன்று விடயங்களைத் தொடங்கியிருக்கிறோம்.

முதலாவது, பதிப்பு. எந்தக் கணினியில் எந்தப் பைதன் என்று மொனிட்டரிலேயே ஒட்டிவைத்திருக்கிறோம். பிள்ளை கொண்டுவரும் குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பார்க்கப் பழக்குகிறோம். பக்கத்துப் பாடசாலைகளிலும் இதைச் செய்தால் பிள்ளைகளின் குழப்பம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, எங்கள் சொந்தப் பெட்டி. பிப்பில் ‘டவுன்லோட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. இணையம் இருக்கும் இடத்தில் தேவையானவற்றைக் கோப்புகளாக இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில கோப்புகள் பைதன் பதிப்புக்கும், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதற்கும் ஏற்ப வேறுபடும், இரண்டு வகையையும் இறக்கி வையுங்கள். எங்களிடம் ஒரு பென் டிரைவில் நிறுவிகள், ஓப்பன்-தமிழ், மைஎஸ்கியூஎல் இணைப்புக் கூறு, பிள்ளைகள் எழுதிய எட்டு வரி எல்லாம் இருக்கின்றன. தீவிலோ பெருநிலப்பரப்பிலோ எந்தப் பாடசாலை கேட்டாலும் பிரதி எடுத்துத் தருவோம். இரவல் தேவையில்லை, வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சொல்வது. நாங்கள் சொல்லாவிட்டால் எங்கள் தேவை யாருக்கும் தெரியப்போவதில்லை. விகடகவிக் கதையை ஆங்கிலத்தில் எழுதி, செய்நிரலையும் விடையையும் இணைத்து, மொழியை நடத்துபவர்களுக்கு அனுப்பப் போகிறோம். எங்கள் ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். ஆங்கில ஆசிரியர்கள் யாராவது ஒரு பின்னேரம் ஒதுக்கித் திருத்தித் தந்தால் பெரிய உதவி. சிங்கள மொழிமூல ஆசிரியர்களும் சேர வேண்டும், அவர்களின் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினைதான். அங்கேயும் பிள்ளைகள் இயந்திரம்தான் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் இப்போது எட்டு வரியையும் மனப்பாடமாக எழுதுகிறான். போன வாரம் தன் கொப்பியின் முன்னட்டையில் ‘மன்னார் = 4’ என்று எழுதி வைத்திருந்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தோம்.

பென் டிரைவ் வேண்டியவர்களும் ஆங்கிலத்தில் உதவக்கூடியவர்களும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தவணை விடுமுறைக்கு முன் அனுப்பிவிடலாம்.